குடித்தவர் வீட்டுக்குப் போய்விடுவார், கார் எப்படிப் போகும்?

கொழும்பில் பார் உள்ள ஒரு கழகத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். வருடக் கடைசி நெருங்குகிறது. பழைய மாணவர் சங்கங்களின் இராப்போசனம், கம்பனி பார்ட்டிகள், 31ஆம் திகதி இரவு என்று மண்டபம் வரிசையாகப் புக் ஆகிவிட்டது. குடித்த யாரும் ஸ்டியரிங்கைத் தொடாமல் வீட்டுக்குப் போக நாங்கள் என்ன ஏற்பாடு செய்யலாம் என்பதுதான் இப்போது குழுவில் ஓடும் பேச்சு. இதற்குக் கொஞ்சம் காசு ஒதுக்க எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், எதற்கு ஒதுக்குவது என்பதில்தான் இழுபறி. குடிக்காமல் இருந்து ஓட்டுபவருக்குச் சோடா இலவசம் என்று அறிவிப்போம் என்கிறார் ஒருவர், டாக்ஸிக் காசில் பாதியைக் கழகம் கொடுக்கட்டும் என்கிறார் இன்னொருவர். வாடகைக்கு ஓட்டுநர் பிடிப்பது, வாசலில் ஊத வைக்கும் மெஷின் வாங்குவது, வான் ஓட விடுவது என்றும் யோசனைகள் வந்திருக்கின்றன. பார் நடத்தும் மற்றவர்களுக்கும் இதே தலையிடி இருக்கும் என்பதால் எனக்குப் பட்டதை விபரமாகவே எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் எல்லை 100 மில்லிலீட்டர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் மதுசாரம். இந்தியாவில் அது 30, ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் 50, உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 50க்கு மேல் போக வேண்டாம் என்றுதான். நம்முடைய எல்லை தாராளமானது, அதற்குள் இருக்கிறேன் என்பதால் கையும் கண்ணும் சரியாக வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. பிடிபட்டால் குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், லைசன்ஸும் போகும், விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகும் நாடு இது. பலூனை ஊதச் சொல்வார்கள், அதன் குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் நிறத் துகள் பச்சையாகும், அப்புறம் பொலிஸ் நிலையம், கோர்ட் என்பதெல்லாம் எங்கள் அங்கத்தவர்களுக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டேதான் ஓட்டுகிறார்கள்.

ஏன் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். சுற்றிவளைத்து எல்லோரும் வந்து நிற்கும் இடம் கார்தான். இங்கே விட்டுவிட்டுப் போனால் காலையில் பிள்ளைகளை எதில் ஏற்றிக்கொண்டு போவது, ராத்திரி யாராவது கீறிவிட்டால் யாரைக் கேட்பது, திரும்ப வந்து எடுக்க அரை நாள் போய்விடுமே. 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025 வரை புதுக் கார் வராமல் இருந்த நாட்டில் பழைய டொயோட்டா விட்ஸ் கார் ஒன்றுகூடக் குடும்பத்துச் சொத்து, அதை ஒரு தரிப்பிடத்தில் இரவு முழுக்க விட்டுவிட்டுப் போக மனம் வராது. ஆகவே ஒரு ஏற்பாட்டைப் பார்க்கும்போது நான் கேட்பது இரண்டு கேள்விகள். கார் என்ன ஆகிறது? யார் ஓட்டுவது என்ற முடிவு எப்போது எடுக்கப்படுகிறது, முதல் கிளாஸுக்கு முன்னாலா, கடைசிக் கிளாஸுக்குப் பின்னாலா?

கூட்டமாக வருகிறவர்களில் ஒருவர் குடிக்காமல் இருந்து ஓட்டும் முறையை (நண்பர் முறை என்று வைத்துக்கொள்வோம்) முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் குழுவில் அதிகம் பேருக்குப் பிடித்தது அதுதான், எனக்கும் பிடிக்கும். ஸ்கண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய பழக்கம் இது. 1988இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவில் இதைப் பெரிய பிரசாரமாக எடுத்து, தொலைக்காட்சித் தொடர்களின் கதைகளுக்குள்ளேயே நுழைத்தார்கள். பெல்ஜியத்தில் 1995இல் இருந்து அப்படி ஓட்டுபவருக்கு ‘பொப்’ என்று ஒரு பெயரே வைத்து, இன்றைக்கு யார் பொப் என்று கேட்டுவிட்டுத்தான் மேசையில் உட்காருகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிரித்தானியாவில் கிறிஸ்மஸ் காலத்தில் ஓட்டுபவருக்குக் குளிர்பானம் இலவசமாகக் கொடுக்கும் பப்கள் உண்டு. செலவு மிகக் குறைவு, காரும் வீட்டுக்குப் போய்விடும், ஓட்டுகிறவர் தெரிந்தவர் என்பதால் வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி.

இத்தனை நல்லதும் இருந்தும் இது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2013இல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்களில் இருந்து வெளியே வந்தவர்களை நிறுத்திச் சோதித்தபோது, இன்றைக்கு நான்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடித்திருந்தார்கள். எங்கள் மேசைகளில் இது எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கடைசி ஓர்டர் எடுத்து முடிந்து, பைட்ஸ் தட்டில் வெங்காயமும் மிளகாயும் மட்டும் மிச்சமிருக்கும் நேரத்தில், மேசை நடுவில் கார்ச் சாவியைப் போட்டுவிட்டு ஒருவர் கேட்பார், “மச்சான், நீ எத்தனை எடுத்தனி?” “நான் மூண்டுதான்.” “அப்ப நீ ஓட்டு, நாங்கள் ஆறு.” மூன்று எடுத்தவர் அந்த நிமிடம் அந்தக் கூட்டத்துக்கு ஓட்டுநராகிவிடுகிறார். எல்லாரையும்விடக் குறைவாகக் குடித்தவர் என்பது ஒரு தகுதியே இல்லை. அவரும் குடித்தவர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பமாக வருகிற இடங்களில் ஓட்டுகிறவர் யார் என்பது பேசாமலே தீர்மானமாகிவிடுகிறது. மனைவி. வருடம் முழுக்க, ஒவ்வொரு இராப்போசனத்திலும், லைசன்ஸ் இருக்கும் ஒரே காரணத்துக்காக அவரே. நள்ளிரவு தாண்டிப் பின்சீட்டில் பிள்ளை தூங்க, பக்கத்தில் கணவர் வளவளக்க, மழையில் காலி வீதியில் (Galle Road) ஓட்டிப் போகிற அவரிடம் இது உங்களுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை. அவர் குடிக்காதவராகவே இருக்கலாம், அதற்காகக் களைப்பு இல்லாதவரா? எங்கள் ஏற்பாடு அவர் தலையில் இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்றுவதாக இருந்தால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சரி, இந்த முறையை ஒழுங்காகச் செய்வது எப்படி? வாசலில் பதிவு எழுதும் இடத்திலேயே கேட்க வேண்டும். யார் ஓட்டுகிறார்களோ அவர் கையில் ஒரு பட்டி, அவருடைய கார்ச் சாவியில் ஒரு அட்டை. பட்டி கட்டியவருக்கு மது பரிமாறப்படாது என்பது பார்மேனுக்கும் மேசைக்கு வரும் தம்பிமாருக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். அங்கத்தவர் கேட்டால் மறுக்க அவர்களுக்குத் தைரியம் வராது, அதனால் மறுத்தவருக்குப் பின்னால் குழு நிற்கும் என்று எழுத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அடுத்தது, சோடா இலவசம் என்பது போதவே போதாது. நான்கு மணித்தியாலம் மற்றவர்களின் சத்தத்துக்கு நடுவே இருப்பவருக்கு இரண்டு சோடா என்பது மரியாதையாகத் தெரியவில்லை. சாப்பாடு கொடுங்கள். ஒரு தட்டு டெவில்ட் சிக்கன், ஒரு கணவாய், அவர் கேட்பது எதுவோ அது, மேசையின் பில்லில் வராமல். குடிப்பதற்கு, மதுசாரம் இல்லாத ஜிஞ்சர் பியரை ஐஸ் போட்டு மற்றவர்களுக்கு வரும் அதே கிளாஸில் கொடுத்தால், சாராயத்தில் ஜிஞ்சர் பியர் கலந்தவரின் கிளாஸுக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசம் இருக்காது, “அண்ணே, ஒண்டே ஒண்டு” என்ற வற்புறுத்தல் பாதியாகக் குறையும்.

காசு எங்கிருந்து வரும் என்று பொருளாளர் கேட்டார். வெளிநாடுகளில் பியர் கம்பனிகளே இந்தச் செலவை ஏற்கின்றன, பெல்ஜியத்துப் பிரசாரத்திலும் பியர் காய்ச்சுபவர்களின் பங்கு இருந்தது. இங்கே அது நடக்காது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மதுபான விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்கிறது. பட்டியிலோ சாவி அட்டையிலோ ஒரு பியரின் பெயர் வரக் கூடாது. வராமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம், விற்பவரின் பெயரோடு வரும் அறிவுரையை யார் மதிப்பார்கள்? குளிர்பானக் கம்பனியைக் கேட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கழகமே போடலாம்.

டாக்ஸியில் போவதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. 2015இல் போனிலேயே டாக்ஸி பிடிக்கும் பிக்மீயும் ஊபரும் வந்த பிறகு இளம் அங்கத்தவர்கள் பலர் காரைத் தொடாமலே வருகிறார்கள், போகிறார்கள், அவர்களைப் பற்றிக் கவலையே இல்லை. காரில் வந்தவர்களுக்குத்தான் இது உதவாது. இரவு பன்னிரண்டு தாண்டி, மழையும் பெய்து, மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் கலையும்போது கட்டணம் ஏறும், ஹையர் எடுத்தவர் பாதியில் கேன்சல் செய்வார், வீதியோரம் தள்ளாடிக்கொண்டு காத்திருப்பவர் பத்து நிமிடத்தில் பொறுமை இழந்து, “விடு மச்சான், கிட்டத்தானே” என்று சாவியைத் தேடுவார். போகும் டாக்ஸிக்குக் கூப்பன் கொடுக்கலாம் என்ற யோசனையை அதனால் நான் ஏற்கவில்லை. வரும் டாக்ஸிக்குக் கொடுங்கள். ஓட்டோவிலோ டாக்ஸியிலோ வந்து இறங்குபவர் போனில் அந்தப் பயணத்தைக் காட்டினால் டிக்கெட்டில் ஒரு தொகை கழிவு. இவர் கார் வீட்டில் பத்திரமாக நிற்கிறது, முடிவும் முதல் கிளாஸுக்கு முன்னாலேயே எடுத்தாயிற்று. அதே காசுதான், கொடுக்கும் நேரம் மட்டும் வேறு.

வாடகை ஓட்டுநர் முறைதான் காரின் பிரச்சினையை நேராகத் தீர்ப்பது. கொரியாவில் இது ஒரு பெரிய தொழில், போன் எடுத்தால் ஒருவர் வந்து உங்கள் காரிலேயே உங்களை ஏற்றி வீட்டில் விட்டுவிட்டுப் போவார். ஜப்பானில் இரண்டு பேராக வருவார்கள், ஒருவர் உங்கள் காரை ஓட்ட மற்றவர் பின்னால் தங்கள் காரில் வருவார், திரும்பிப் போக. அந்த நாட்டில் 2007இல் சட்டத்தையும் இறுக்கி, ஓட்டப்போகிறவருக்கு ஊற்றிக் கொடுத்தவரையும், ஓட்டுகிறவர் குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் அவரிடம் கேட்டு ஏறிப் போனவரையும் தண்டிக்கும்படி செய்தார்கள். கொழும்பிலும் ஓட்டுநர்களை மணிக்கணக்கில் அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள், பகலில் கம்பனி வாகனம் ஓட்டிவிட்டு இரவில் இதைச் செய்கிறவர்களும் உண்டு. தனியாக வருகிறவர், மனைவிக்கு ஓட்டத் தெரியாதவர், கூட்டத்தில் எல்லோருமே குடிக்க விரும்புகிறவர்கள் என்று நண்பர் முறை எட்டாத இடங்களுக்கெல்லாம் இது எட்டும்.

இதில் வரும் சிக்கல்கள் சின்னவை, ஆனால் இரவு ஒரு மணிக்குச் சின்னதும் பெரிதாகிவிடும். ஓட்டுநர் வருகிறார், கார் ஹைபிரிட், பட்டனை அழுத்துகிறார், சத்தமே இல்லை, ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துகிறார், பின்சீட்டில் இருந்து கார்க்காரர் கத்தத் தொடங்குகிறார். எந்த மாதிரிக் கார் என்று முன்கூட்டியே சொல்லி, அதை ஓட்டிப் பழகியவரைக் கேட்டிருந்தால் இந்தக் கூத்து இல்லை. வேறொருவர் ஓட்டினால் தன் இன்சூரன்ஸ் செல்லுமா என்பதை ஒவ்வொருவரும் முன்பே கம்பனியிடம் கேட்டுவைக்க வேண்டும். ஓட்டுநரின் லைசன்ஸைக் கழகத்தார் பார்த்துப் படம் எடுத்து வைக்கலாம், காரைச் சுற்றி நான்கு படம், மீட்டரை ஒரு படம் எடுத்தால் மறுநாள் காலைக் கீறல் சண்டைக்கு இடமில்லை. முக்கியமாக முகவரி. வெறியில் இருப்பவரிடம் வழி கேட்டுக்கொண்டு போகவே கூடாது. தெஹிவளையில் இருப்பவர் தன் பழைய கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வழி சொல்வார். பதிவு எழுதும்போதே முகவரி, வீட்டில் ஒருவரின் போன் நம்பர், ஓட்டுநருக்கான காசு மூன்றையும் வாங்கிவிட வேண்டும். காசைக் கடைசியில் வாங்கினால் பேரம் பேசுவார்கள். அந்த ஓட்டுநரும் ஒரு மனிதர், இரவு முழுக்க வாசலில் நிற்பவருக்குச் சாப்பாடும், ஆளை இறக்கிவிட்டு அவர் திரும்பி வர ஓட்டோக் காசும் எங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டுநரைப் பிடிப்பதைவிடக் கழகமே சிலரை அமர்த்தி வாசலில் நிறுத்துவது நல்லது என்று நினைக்கிறேன். எங்கள் அங்கத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை வரிசையில் இருக்கிறார்கள். இரவில் வீதி காலி, ஒருவரை வெள்ளவத்தையில் விட்டுவிட்டு அதே ஓட்டுநர் ஓட்டோவில் திரும்பி வந்து அடுத்தவரை ஏற்றலாம். பாதிச் செலவைக் கழகம் ஏற்கட்டும், மீதி போகிறவருடையது. முழுதும் இலவசம் என்றால் பொறுப்பு போய்விடும், முழுதும் அவர் தலையில் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அபராதம் 25,000 என்பதை நினைத்துக்கொண்டால் அந்தப் பாதி ஒரு காசே இல்லை.

ஊத வைக்கும் மெஷினை வாங்கச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் நான் எதிர்த்தேன், இன்னும் எதிர்க்கிறேன். வயிற்றில் இருக்கும் கடைசிக் கிளாஸ் இரத்தத்தில் ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கும். கடைசி ஒன்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கால் மணி கழித்து வாசலுக்கு வந்து ஊதுபவருக்கு எல்லைக்குள் என்று காட்டலாம், அவர் கல்கிசையைத் தாண்டும்போது எல்லைக்கு மேலே போயிருக்கலாம். குடித்த வாயோடு உடனே ஊதினாலோ கணக்கு தாறுமாறாக வரும், கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், யார் காத்திருப்பார்கள்? இளைஞர்கள் இதை யாருக்குக் கூட வருகிறது என்று போட்டியாகவே ஆக்கிவிடுவார்கள். எல்லாவற்றிலும் மோசம், அந்த மெஷின் “நீ ஓட்டலாம்” என்று எங்கள் கழகத்தின் பெயரால் ஒருவருக்கு அனுமதி கொடுக்கிறது. அப்படி ஒரு அனுமதியைக் கொடுக்க நாங்கள் யார்?

வான் பற்றி ஒரே வரி. பழைய மாணவர் இராப்போசனம் போல ஒரே பகுதியில் இருந்து ஒரே நேரத்தில் வருகிற கூட்டத்துக்கு அருமையான வழி, வரும்போதும் வானில் வந்திருந்தால் மட்டும்.

மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களை எங்கள் குழுவில் யாரும் நினைக்கவே இல்லை. அவர்களுக்கு நண்பர் முறையும் சரிவராது, வாடகை ஓட்டுநர் ஓட்டிப் போய் அவர்களைப் பின்னால் ஏற்றிக்கொள்வதும் நடக்காது, குடித்தவர் பின்னால் பிடித்துக்கொண்டு இருப்பதே ஆபத்து. பைக் இங்கேயே நிற்கத்தான் வேண்டும். அதற்குக் கூரையுள்ள ஒரு மூலை, சங்கிலி போட ஒரு கம்பி, ஹெல்மெட்டையும் மழைக் கோட்டையும் வாங்கி வைக்க ஒரு அலுமாரி, காவலாளி எழுதிக் கொடுக்கும் ஒரு துண்டு. இவ்வளவும் ஒருமுறைச் செலவு, வருடக்கணக்கில் பயன்படும். விட்டுவிட்டுப் போகும் கார்களுக்கும் அதே துண்டு, காலை பத்து மணிக்கு மேல்தான் எடுக்கலாம் என்ற விதியோடு. பத்து மணி என்று நான் சொல்வது ஒரு கணக்கை வைத்துத்தான். அரைப் போத்தல் சாராயத்தில் கிட்டத்தட்ட 100 கிராம் மதுசாரம் இருக்கிறது, உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும், தேசிக்காய்ச் சாறோ, கோப்பியோ, குளியலோ அதை வேகப்படுத்தாது. நள்ளிரவில் முடித்தவர் காலை ஏழு மணிக்குத் தெளிவாக இருப்பதாகத்தான் நினைப்பார், இரத்தம் வேறு சொல்லும். மெதுவாக எரிக்கும் உடம்புக்கும், அரைப் போத்தலுக்கு மேலே போனவருக்கும் பத்து மணியும் போதாது.

ஆக, குழுவில் நான் வைத்திருக்கும் யோசனை இது. சாதாரண வெள்ளி, சனி இரவுகளுக்குக் கூட்டத்தில் ஒருவர் ஓட்டும் முறை, வாசலில் பட்டியோடு, இலவசச் சாப்பாட்டோடு. அதற்கு மேல் வேறு ஒன்றும் வேண்டாம், ஒழுங்காக நடத்தினால் போதும். டிக்கெட் போட்டு நடத்தும் பெரிய இரவுகளுக்கு, டாக்ஸியில் வருகிறவருக்குக் கழிவும், காரில் வந்தவருக்கு வாசலில் ஓட்டுநரும். ஒதுக்கிய காசில் பெரும்பங்கு ஓட்டுநர்களுக்கே போகட்டும். ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்று பொருளாளர் கையை விரித்தால் நான் கேட்பது டிசம்பர் 31க்கான ஓட்டுநர்களை. மெஷினுக்கு ஒரு சதமும் இல்லை.

ஒரு அங்கத்தவர், “நீங்கள் இவ்வளவும் செய்தால் இன்னும் நல்லாக் குடிப்பாங்களே” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்ட ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் சிலர் ஒன்றிரண்டு கூடவே எடுக்கத்தான் செய்வார்கள், அது அவர்கள் ஈரலுக்கும் வீட்டுக்கும் நல்லதில்லை, அதை மறைக்க முடியாது. அதற்குப் பார்மேன் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதும், போதும் ஐயா என்று ஒரு கட்டத்தில் நிறுத்துவதும்தான் வழி, அந்த அதிகாரத்தையும் அவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அவர் கூடக் குடித்ததற்கு அவர் உடம்பு விலை கொடுக்கும். அவர் ஓட்டினால் காலி வீதியில் அதிகாலை வேலைக்குப் போக பஸ் பார்த்து நிற்கிற யாரோ ஒருவர் விலை கொடுப்பார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில். ஓட்டுநர்களைப் பேச வேண்டுமென்றால் நவம்பர் நடுப்பகுதிக்குள் பேசிவிட வேண்டும், டிசம்பர் பிறந்துவிட்டால் ஹோட்டல்களும் கம்பனிகளும் எல்லோரையும் பிடித்துவிடும். வேறு கழகங்களில் ஏற்கனவே ஓட்டுநர்களை இப்படி அமர்த்திப் பார்த்தவர்கள் இருந்தால், ஒரு ஓட்டுநருக்கு இரவுக்கு எத்தனை கார் சமாளிக்க முடிந்தது, திரும்பி வரும் ஓட்டோக் காசை எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன் தெரிந்தால் உதவியாக இருக்கும்.